நாமா ஆயா

சொல்லுக்கு வேர் தேடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கடை ஷட்டரை நான் பாதி தூக்குவதற்குள் குனிந்து உள்ளே நுழைந்து வேர் தேடுகிறவர்களை அறவே பிடிக்காது.

செர்டாங்கில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்வரிசையில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை இருக்கிறது. நகல் எடுப்பது பேருக்குத்தான். மலாயில் வரும் படிவங்களை, எங்கள் பேச்சில் பாரங்களை, நிரப்பிக் கொடுப்பதே பிழைப்பு. செம்பனைத் தோட்டத்துச் சனங்கள் வருவார்கள். எழுத்துக் கூடாத மலாய்க் கிழவிகளும் வருவார்கள். பாரம் என்று சும்மா பேர் வைக்கவில்லை. எடை போட்டால் இரண்டு காகிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் விழிக்கிறவர்களைப் பார்த்தால் அது எவ்வளவு கனம் என்று தெரியும்.

கடையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடக்கும். அது மாஸ்டருக்கு. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்தவர் என்பதை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். கூலியாக வரவில்லை என்பதை அதற்குள்ளேயே சொல்லாமல் சொல்வார். தினமும் காலையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணியோடு ஒரு மலாய்ச் சொல்லையும் கொண்டுவந்து, அது தமிழ்தான் என்று நிரூபித்துவிட்டுப் போவார்.

சில சொற்களுக்கு நானும் தலையாட்டியிருக்கிறேன். கெடாய் என்றால் கடை. காப்பால் என்றால் கப்பல். பெத்தி என்றால் பெட்டி. மீசை மலாயிலும் மீசைதான். இவை நம்மோடு கப்பலேறி வந்தவை, நமக்கு முன்பே வந்தவை. இதோடு நிறுத்தினால் மாஸ்டர் நல்ல மனிதர். நிறுத்த மாட்டார். மலாயில் மாரி என்றால் வா என்று பொருள். தமிழில் மறி என்றால் தடு. வா என்றவனை வழியில் யார் தடுத்தது என்று கேட்டேன். காலப்போக்கில் பொருள் திரிந்துவிட்டது என்றார். மாத்தி என்றால் செத்தது, நமக்கு மதி என்றால் அறிவு, அதற்கும் ஒரு சுற்றுவழி வைத்திருந்தார். குருண் என்று ஓர் ஊர் இருக்கிறது, மலாயில் அந்தச் சொல்லுக்குப் பாலைவனம் என்று பொருள். அதெல்லாம் இல்லை, அந்த ஊரில் குரு ஒருவர் இருந்திருப்பார் என்றார்.

ஒரு நாள் தாலியைக் கொண்டுவந்தார். மலாயில் தாலி என்றால் கயிறு. இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டு முகம் மலர உட்கார்ந்திருந்தார். இந்த மலாய்த் தீவுக்காரர்கள் நம் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள், பேர் வைக்க நாம் வந்து சேரட்டும் என்று காத்திருக்கவில்லை என்றேன். கயிறு திரிக்க ஆள் இங்கேதான் வந்திருக்கிறது என்றும் சொன்னேன். அதற்குக்கூட அவர் சிரித்துக்கொண்டார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவர் கொண்டுவந்த சொல் ஆயா. மலாயில் ஆயா என்றால் அப்பா. நம்முடைய ஐயாதான் அங்கே போய் ஆயாவாக நிற்கிறது என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா, ஒரே சாடை என்றார்.

"சாடை ஒன்னா இருந்தா சொந்தமாயிடுமா, மாஸ்டர்? எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க."

தேத்தண்ணியில் பாதி மிச்சம் இருந்தது. பையை விரலில் மாட்டிக்கொண்டு போனார். ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை ஒன்று இருக்கிறது.

செர்டாங்குக்கு வெளியே, அப்போது ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் பிறந்தவள் நான். அம்மா பால்மரம் வெட்டினாள். விடியுமுன் வெட்டுக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருந்தவள்தான் ஆயா. அவளை நல்லவள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பால்மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறாள் என்று வரிசை வீடுகளில் பேச்சு. அடிக்கக் கை கூசாது, வாயைத் திறந்தால் சாக்கடை. இருபது தொட்டில்களை ஒரே ஆளாக ஆட்டிக்கொண்டு, அழுகிற பிள்ளையின் பரம்பரையையே திட்டித் தூங்கவைப்பாள். நான் தூங்கியது அந்தத் திட்டில்தான்.

அப்பன் என்று ஒருவன் இருந்தான். தோட்டத்துக் கோயிலில் வைத்து அம்மாவுக்குத் தாலி கட்டினான். பதிவு செய்யவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பல பேர் செய்ததில்லை. நான் நடக்கப் பழகுமுன் கோலா கெடாவில் மீன் லோரிக்கு வேலைக்குப் போனான். மீன் வந்தது, அவன் வரவில்லை. அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று லோரிக்காரர்கள் வந்து சொன்னார்கள். கல்யாணப் பதிவு இல்லாததால் என் பிறப்புப் பத்திரத்திலும் அவன் இல்லை. அப்பன் இருக்க வேண்டிய கட்டத்தில் தகவல் கிடைக்கவில்லை என்று அச்சாகியிருந்தது. மாஸ்டர் சொன்ன மலாய்த் தாலிக்கும் நம் தாலிக்கும் ஒட்டுறவு இல்லைதான். ஆனால் அம்மா கழுத்தில் கிடந்தது வெறும் கயிறு.

ஆரம்பப் பள்ளி முடித்து டவுனில் இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது ஒரு பாரம் கொடுத்தனுப்பினார்கள். அம்மா அதைத் தானே நிரப்புவேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தாள். ரூமியை, அதாவது ஆங்கில எழுத்தில் எழுதிய மலாயை, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். அவளுக்குத் தெரிந்த பேச்சு மலாயில் அப்பனுக்குப் பேர் பாப்பா. தமிழில் பாப்பா என்றால் குழந்தை, அந்தப் பொறுப்பில்லாதவனுக்குத் தமிழ்ப் பாப்பாதான் பொருந்தும் என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த கிண்டல் ஒன்று அவளிடம் இருந்தது. ஆயா என்று அப்பனைச் சொல்லித் தோட்டத்தில் அவள் கேட்டதில்லை. பாரத்தில் நாமா ஆயா என்று இருந்தது. நாமா என்றால் பெயர், அது அவளுக்குத் தெரியும். நம் நாமமும் அதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆயாவும் அவளுக்குத் தெரிந்த ஆயாதானே. வேலைக்குப் போகிறவளின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அரசாங்கம் விசாரிக்கிறது, பரவாயில்லையே என்று அவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஆயாவின் முழுப்பெயரைக் கேட்டுவந்து எழுதினாள். அடுத்த கட்டத்தில் ஆயா என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டிருந்தது. அதிலும் ஆயா என்று எழுதினாள்.

வகுப்பாசிரியை என்னை எழுப்பி நிறுத்தி, மலாயில், உன் அப்பா பெண்ணா என்று கேட்டார். அடுத்த வரியையும் படித்துவிட்டு, அவருக்கு வேலையும் அப்பாதானா என்று கேட்டார். மலாய்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். சீனப் பிள்ளைகள் சிரித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும் புரிந்ததால் அவர்கள் இரண்டு மடங்கு சிரித்தார்கள். அந்த வருடம் முழுக்க எனக்கு அனாக் ஆயா என்று பேர், அதாவது அப்பன் பிள்ளை. அப்பன் இல்லாதவளுக்கு அதைவிடப் பொருத்தமாக யாரும் பேர் வைத்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை போட்டேன். நீ படிக்காதவள், என் மானத்தை வாங்கிவிட்டாய் என்றேன். அவள் பால்மரம் வெட்டும் உளியைத் தீட்டிக்கொண்டே, உன்னை வளர்த்தது யார், கேட்டான், எழுதினேன், இதில் என்ன தப்பு என்றாள். சத்தம் கேட்டு ஆயா வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் எனக்கு ஓர் அறை விழும் என்றுதான் நினைத்தேன்.

"அப்பன் வேலைக்கு மீச என்னாத்துக்குடி? இனிமே கையெழுத்து கேட்டா என்கிட்ட கொண்டா லா."

அதற்குப் பிறகு ஐந்து வருடம் என் மதிப்பெண் அட்டையில், ஆயா கையொப்பம் என்று போட்டிருந்த இடத்தில், ஆயாவின் கட்டைவிரல் ரேகை விழுந்தது. ஓரத்தில் சுண்ணாம்புக் கறையும் இருக்கும். ஒவ்வொரு சிவப்பு எண்ணுக்கும் ஓர் அடி தவறாமல் விழுந்தது. அப்பன் வேலையை அவள் குறை வைக்காமல் செய்தாள்.

நான் படித்தவளானேன். படித்தவளானதும் முதல் வேலையாக அவளைப் பாரங்களிலிருந்து எடுத்தேன். திருமணப் பதிவு, வங்கி, கடை லைசென்ஸ், எங்கே நாமா ஆயா என்று வந்தாலும் ஒரு கோடு போட்டுவிடுவேன். அது எனக்கு இன்றும் வெட்கம்தான்.

மாஸ்டரை விரட்டிய அன்று கடையில் கூட்டமில்லை. மேசைக்கடியில் கிடந்த பழைய அகராதிகளை எடுத்துப் புரட்டினேன். பிள்ளை பார்க்கிற ஆயா போர்ச்சுகீசியன் கப்பலில் வந்தவள். அவர்கள் செவிலியைக் குறிக்கச் சொன்ன சொல், இந்தியாவில் கரையேறி, வெள்ளைக்காரன் வீட்டு அடுக்களை வழியாக நம் தோட்டம்வரை வந்திருக்கிறது. பாட்டியை ஆயா என்று சில ஊர்களில் சொல்வார்களே, அது நம் ஆய், அது வேறு வீடு. மலாய் ஆயா தீவுகளின் சொத்து. ஐயா வடக்கிலிருந்து வந்ததா நம்முடையதேயா என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஐயா, ஆயா, ஆயா. மூன்றும் வெவ்வேறு வயிற்றில் பிறந்தவை, சந்தையில் எதிரெதிரே நின்று ஒன்றின் முகத்தை மற்றது பார்த்துத் திடுக்கிடுகிற மாதிரி.

புதன்கிழமை மாஸ்டர் ஒன்றுமே நடக்காததுபோல வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நான் படித்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, சாடை பொய் சொல்லாது பிள்ளை என்றார். இவரோடு பேசுவதற்குப் பதில் நகல் இயந்திரத்தோடு பேசலாம் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை ஒரு கிழவர் வந்தார். துவைத்த சட்டை, தோளில் ஒரு துணிப்பை, கையில் பிளாஸ்டிக் உறையில் பாரம். வாங்கையா, உட்காருங்கள் என்றேன், எல்லாப் பெரியவர்களிடமும் சொல்வதுபோல. அடையாளக் கார்டைக் கேட்டு வாங்கினேன். விலாசம் கோலா கெடா. பெயரைப் படித்தேன். அம்மா அம்மியில் மிளகாயோடு சேர்த்து அரைத்த பெயர் அது.

நிமிர்ந்து பார்த்தேன். என் மூக்கு. என் நெற்றி. இடது புருவத்தில் எனக்கு இருக்கிற அதே கோணல். முக்காலியிலிருந்து மாஸ்டர், ஒன்றும் அறியாமல், "ஆர் பிள்ளை, சொந்தக்காரரோ? ஒரே சாடை" என்றார்.

அந்த ஆள் ஆச்சரியப்படவில்லை. தெரிந்துதான் வந்திருந்தான்.

இவன் ஒருநாள் வருவான் என்று எனக்குத் தெரியும். மகளே என்று வாயைத் திறப்பான், அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று பதினைந்து வயதிலிருந்து வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தேன். மழையில் அம்மா வாழை இலையைப் பிடித்துக்கொண்டு என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன கதை ஒரு வாக்கியம். அவள் செத்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது ஒரு வாக்கியம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் அழ வேண்டும், நான் வெளியே போ என்று சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு.

அவன் மகளே என்று சொல்லவில்லை. உறையிலிருந்து பாரத்தை எடுத்து வைத்து விஷயத்தைச் சொன்னான். அவனோடு இருந்தவள் செத்துவிட்டாள். பிள்ளை இல்லை. வீடு அவள் தம்பியுடையது, அவன் வெளியே போகச் சொல்லிவிட்டான். குருண் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம், யாருமே இல்லாதவர்களை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. இடம் கிடைத்துவிட்டது. அதற்குள் எவனோ பழைய தோட்டத்துக்காரன், இந்தக் கிழவனுக்குச் செர்டாங்கில் பாரம் எழுதுகிற மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று அங்கே சொல்லிவிட்டான். அந்தப் பெண்ணிடமே எழுதி வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"நீ என் மகளில்லன்னு எழுதிக் குடும்மா. அது போதும். உனக்கும் தொல்ல இல்ல பாரு."

நாற்பது வருடமாக நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்த கதவுக்கு, வெளியிலிருந்து ஒரு பூட்டும் போட்டுக் கொடு என்று கேட்க வந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. என் வாக்கியங்கள் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணிப் பையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத முடியாது என்று ஒரே பேச்சில் அனுப்பியிருக்கலாம். எதிரே பஸ் நிற்கும் இடத்துப் பெஞ்சியில் கிடந்து சாகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எழுத முடியாது என்று சொன்னால், நான் உன் மகள் என்று சொன்னதாக ஆகிவிடும். அந்தச் சொல்லை அவனுக்குத் தர எனக்கு மனமில்லை. பேனாவை எடுத்தேன்.

விண்ணப்பதாரருக்கும் எழுதுகிறவருக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்தது. தியாடா, இல்லை, என்று எழுதினேன். அடுத்து, எழுதிக் கொடுப்பவரைப் பற்றிய விவரம். என் பெயர், என் கார்டு எண். அதற்குக் கீழே நாமா ஆயா.

பழக்கத்தில் கோடு போடப் போனேன். பேனா நின்றது. எதிரே உட்கார்ந்திருந்தவனின் புருவத்தைப் பார்த்தேன். பிறகு என் அம்மா எழுதிய அதே பெயரை, அவள் எழுதியதுபோலவே பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.

கோலா கெடாவில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு ரூமி ஓரளவு வரும். தலைகீழாகவே கூட்டிப் படித்தான்.

"இது கொட்டாயி ஆயா பேருல்ல? இங்க ஆயான்னா அப்பன்மா. தப்பா எழுதிட்ட."

"தெரிஞ்சுதான் எழுதுனேன்."

கிழவி இன்னும் இருக்கிறாளா என்று கேட்டான்.

"செத்துப் பதினோரு வருசமாச்சு. கொள்ளி வச்சது நான்தான்."

பொம்பளை கொள்ளி வைப்பதா என்று அன்றைக்குத் தோட்டமே பேசியது. அதையெல்லாம் இவனிடம் சொல்ல வேண்டியதில்லை. அவன் பாரத்தைத் தன் பக்கம் திருப்பினான். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. காலமானால் தெரிவிக்க வேண்டியவர் யார் என்பதற்கான கட்டம். மலாயில் அதற்கு வாரிஸ் என்று பேர். இந்தச் சொல்லில் மாஸ்டருக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. அரபியிலிருந்து மலாய்க்குப் போனது, நமக்கும் வந்தது, போன இடத்திலெல்லாம் பொருள் மாறாமல் உட்கார்ந்துகொண்டது. சாடையும் ஒன்று, உறவும் ஒன்று. அவன் விரல் அந்தக் கட்டத்தில் நின்றது.

"இதுல என்னா எழுதப் போற?"

நீ கேட்டதைத்தான் என்றேன். தியாடா என்று எழுதினேன்.

அப்பாடா என்று அவன் மூச்சு விட்டான். பிறந்ததிலிருந்து நானும் சொல்லிவருகிற சொல்தான் அது. அதற்குள் ஓர் அப்பா இருப்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவை நான் வெறுத்தேன், இதை எழுதும்போதும் வெறுக்கிறேன்.

கையெழுத்து வராது என்றான். மைப் பெட்டியைத் திறந்தேன். நான்தான் அவன் கட்டைவிரலைப் பிடித்து உருட்ட வேண்டியிருந்தது. வருகிற எல்லாக் கிழவர்களுக்கும் செய்வதுதான். சூடான, எலும்பான விரல். துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுத்தேன். பாரத்தை உறையில் போட்டு, மழை வந்தால் நனையக் கூடாதென்று வாயை மடித்து ஒட்டிக் கொடுத்தேன். அவன் தெருவைக் கடந்து போய்ப் பஸ்ஸுக்கு நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிறானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பஸ் போன பிறகும் மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"பிள்ளை, நான் அறியாமல் சாடை எண்டு சொல்லிப்போட்டன். மனசிலை வச்சிருக்காதை."

மைப் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னேன்.

"நீங்க சொன்னது சரிதான், மாஸ்டர். சாடை மட்டுந்தான்."